அறுபத்து நான்காம் பக்கத்தில் என்ன சிரிப்பு

1

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. தபாலில் வந்தது. பதில் அனுப்புவதற்கு முகவரி எழுதி, தபால் தலை ஒட்டிய உறையும் கூடவே இருந்தது. கதை எழுதுகிறவள் இதை ஒப்புக்கொள்வது கொஞ்சம் கௌரவக் குறைச்சல் என்பதால் முதலில் வேறு மாதிரி தொடங்கிப் பார்த்தேன்.

"லிஃப்ட் நான்காவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் நின்றபோது உள்ளே இருந்த ஏழு பேரும் ஒரே நேரத்தில்..."

நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்த ஏழு பேருக்கும் இந்தக் கதையில் ஒரு வேலையும் கிடையாது. இரண்டு பக்கம் அவர்களை அந்தரத்தில் நிறுத்திவைத்துவிட்டு, மனசாட்சி உறுத்தி இறக்கிவிட்டேன்.

"சிரிக்கத் தெரிந்த ஒரே உயிரினம் மனிதன் என்று..."

கட்டுரைப் போட்டி வாசனை அடித்தது. நிறுத்திவிட்டேன்.

ஆகவே நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். நான் ஒரு சிறிய பதிப்பகத்தில் துணையாசிரியர். அடுத்தவர்கள் எழுதியதில் பிழை பார்ப்பது வேலை. மிஞ்சிய நேரத்தில் கதை எழுதுவது வியாதி. சென்ற வருடம் எங்கள் பதிப்பகம் ஒரு கார்ட்டூன் தொகுப்பு வெளியிட்டது. நூற்றிருபது பக்கம். பக்கத்துக்கு ஒரு படம், படத்துக்குக் கீழே ஒரு வசனம். வரைந்தவரை எல்லோரும் 'கோடு' என்பார்கள். கையெழுத்துப் போடவேண்டிய மூலையில் ஒரு சின்னக் கோடு மட்டும் இழுத்துவிட்டுப் போய்விடுவார். வயதில் பெரியவர் என்பதால் எனக்கு அவர் கோடு சார்.

ஒவ்வொரு பிரதிக்குள்ளும் ஒரு அட்டை வைத்திருந்தோம்: 'இந்நூல் பற்றி உங்கள் கருத்து.' அந்த அட்டைகள் திரும்பி வந்து விழும் மேஜை என்னுடையது.

2

கார்ட்டூன் புத்தகங்களைப் பற்றிக் கருத்து எழுதுகிறவர்களை மூன்று வகையாகப் பிரித்து இங்கே ஒரு பத்தி இருந்தது. (எடுத்துவிட்டேன். வகை பிரித்த உடனே ஆட்கள் காணாமல் போய்விடுகிறார்கள்.) அட்டைகளையே தருகிறேன்.

"படம் பெரிது, சிரிப்பு சிறிது. அடுத்த பதிப்பில் மாற்றிப் பார்க்கவும்."

"மாமியாருக்குப் பரிசளித்தேன். இருபத்திரண்டாம் பக்கம் தன்னைப் பற்றியதுதான் என்று முடிவுகட்டி என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். மிக்க நன்றி. இரண்டாம் பாகம் எப்போது?"

"கண் டாக்டரிடம் காத்திருந்தபோது படித்தேன். பாதியில் கூப்பிட்டுவிட்டார்கள். கடைசியில் என்ன ஆகிறது?"

இதில் வேடிக்கை என்னவென்றால், வந்த அட்டைகளில் பாதிக்கு மேல் அறுபத்து நான்காம் பக்கத்தைப் புகழ்ந்திருந்தன. அந்தப் படம் இதுதான்: ஒரு பேருந்து. மூச்சுவிட இடமில்லாத கூட்டம். எல்லோரும் மேலே இருக்கிற கம்பியைப் பிடித்துக்கொண்டு கையைத் தூக்கியபடி நிற்கிறார்கள். வாசலில் நடத்துநர். கீழே வசனம்: 'வலிச்சா கையத் தூக்குங்க.'

ஒரு பேராசிரியர், "உழைக்கும் உடல்களின் ஓசையற்ற ஓலம் இது" என்று எழுதியிருந்தார். ஒரு பெண், "பதினோரு வருடமாக நின்றுகொண்டே வேலைக்குப் போகிறேன். வரைந்தவரும் அப்படிப் போயிருக்க வேண்டும்" என்று எழுதியிருந்தார். எனக்கு இரண்டாமவரைத்தான் பிடித்திருந்தது. ஆனாலும் இரண்டாம் பதிப்பின் பின்னட்டைக்குப் பேராசிரியரைத்தான் எடுத்துவைத்தேன். பின்னட்டையில் ஓலம் இருந்தால் ஒரு கனம் வருகிறது.

அந்தச் சமயத்தில்தான் அட்டையில் அல்லாமல் கோடு போட்ட தாளில், பிசிறில்லாத கையெழுத்தில் ஒரு கடிதம் வந்தது.

3

"பதிப்பகத்தாருக்கு வணக்கம். தங்கள் நூலில் பக்கம் 64-இல் உள்ள நகைச்சுவையைப் படிப்படியாக விளக்கி எழுதவும். பேருந்தில் யாருக்கு வலிக்கிறது? எதனால்? நான் ஓய்வுபெற்ற கணித ஆசிரியை. எனக்கு நகைச்சுவை வராது. அதற்காக வெட்கப்பட்டதும் இல்லை. ஆனால் என் கணவர் இந்தப் பக்கத்தைப் பார்த்தால் மட்டும் சிரிக்கிறார். அவரையே கேட்கலாம் என்றால், பக்கவாதம் வந்து ஐந்து மாதமாக அவருக்குப் பேச்சு இல்லை. பதில் உறை இணைத்துள்ளேன். அவசரமென்றால் கீழே உள்ள எண்ணில் அழைக்கலாம்."

அவசரமென்றால் என்று எழுதியிருந்தாரே தவிர, அது யாருடைய அவசரம் என்று எழுதவில்லை.

நான் தாளை எடுத்து 'படி ஒன்று' என்று எழுதினேன். பேருந்தில் கூட்டம். படி இரண்டு: எல்லோரும் கை தூக்கியிருக்கிறார்கள். படி மூன்று: ஆனால் இந்த வசனம் வழக்கமாக வருவது... என்று எழுதும்போது பேனா நின்றுவிட்டது. இந்த வசனம் வழக்கமாகப் பல் டாக்டரிடம்தானே வரும்? அறுபத்தைந்தாம் பக்கத்தில் இருப்பது பல் டாக்டர் அல்லவா?

அலமாரியிலிருந்து கோடு சாரின் அசல் படங்களை எடுத்தேன். பேருந்துப் படத்தின் கீழே பென்சிலில், அவர் கையெழுத்தில் இருந்தது: 'உள்ள நிறைய இடம் இருக்கு, தள்ளிப் போங்க.' பல் டாக்டர் ஒருவர், வாயை 'ஆ'வென்று பிளந்திருக்கும் ஆளுக்குள் குனிந்து எட்டிப் பார்க்கும் படத்தின் கீழேதான், 'வலிச்சா கையத் தூக்குங்க.'

புத்தகத்தில் இரண்டும் இடம் மாறியிருந்தன. அச்சுக்குப் போவதற்கு முதல் நாள், பேருந்தின் பின்பக்கம் புத்தகத் தையலுக்குள் போய்விடுகிறது என்று இரண்டு படங்களையும் பக்கம் மாற்றச் சொன்னவள் நான். படங்கள் மாறின. வசனங்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. அச்சுக்கு முந்தைய கடைசிப் பிரதியில் 'சரி' என்று கையெழுத்துப் போட்டவளும் நான்தான்.*

(* பிழை பார்ப்பவர்கள் செய்யும் பிழையை யாரும் பார்ப்பதில்லை. ஒரே ஒரு வாசகர் மட்டும், "பல் டாக்டர், 'உள்ள நிறைய இடம் இருக்கு, தள்ளிப் போங்க' என்று யாரிடம் சொல்கிறார்? கிருமிகளிடமா? அபாரம்!" என்று எழுதியிருந்தார்.)

ஒன்பது மாதம். அத்தனை அட்டைகள். ஒரு பேராசிரியர். எல்லோரும் என் தவறைப் பாராட்டியிருக்கிறார்கள்.

4

அன்று மத்தியானமே தொலைபேசியில் அழைத்தேன். டீச்சர்தான் எடுத்தார். (அவரை இனி டீச்சர் என்றே சொல்கிறேன். அவர் கணவருக்கும் அவர் டீச்சர்தான். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான் கூப்பிட்டிருக்கிறார்.) நான் யார் என்று சொன்னேன். தவறு என்னுடையது என்றும் சொன்னேன். வேறு யாரிடம் சொல்வதற்கு முன்பும் அவரிடம் சொன்னது ஏன் என்று எனக்குத் தெரியவில்லை. அவர் திட்டவில்லை. எந்த வசனம் எந்தப் படத்துக்கு உரியது என்று கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு அந்தச் சிரிப்பு எங்கிருந்து வருகிறது என்று கேட்டார்.

பல் டாக்டர் சொல்கிற வார்த்தையை நடத்துநர் சொல்வதால் வருகிறது என்றேன். எல்லோரும் ஏற்கெனவே கை தூக்கியிருப்பதால், எல்லோருக்கும் வலிக்கிறது என்று ஆகிவிடுகிறது. சொல்லச் சொல்ல எனக்கே அது செத்துப்போன ஜோக்காகக் கேட்டது. டீச்சர் பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப, படத்தை மட்டும் பார்த்தா சிரிப்பு வராது," என்றார்.

"வராது. வெறும் பஸ்தானே."

"வசனத்தை மட்டும் படிச்சாலும் வராது."

"வராதும்மா."

"ரெண்டையும் சேர்த்தாத்தான் வரும். அப்ப இவர் படிக்கிறார்."

எனக்கு உடனே புரியவில்லை. அவர் விளக்கினார். முதல் மாதம் மருத்துவமனையில் பரிசோதித்துவிட்டு, படித்துப் புரிந்துகொள்ளும் திறன் இல்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இந்த வியாதியில் சிலருக்குக் காரணமில்லாமல் சிரிப்பு வரும், அழுகை வரும், அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறார்கள். மகளும் அதைத்தான் நம்புகிறாள். இவருக்கு ஒன்றும் புரியாது என்றே எல்லோரும் பேசுகிறார்கள்; தானும் அப்படிப் பேசத் தொடங்கிவிட்டதாகச் சொன்னார்.

"ஒரு நிமிஷம் இருங்க," என்று ரிசீவரைக் கீழே வைத்துவிட்டுப் போனார். செருப்புச் சத்தம் போவது கேட்டது. பக்கம் புரட்டுகிற சத்தம்கூடக் கேட்டது என்று எழுதியிருந்தேன். (அது பொய். தொலைபேசியில் அதெல்லாம் கேட்காது.) கேட்டது இதுதான்: கொஞ்ச நேரம் அமைதி. பிறகு, ஒரு ஆணின் தொண்டையிலிருந்து, பழைய வண்டி இரண்டு முறை இருமிவிட்டுக் கிளம்புகிற மாதிரி ஒரு சிரிப்பு.

டீச்சர் திரும்பி வந்தபோது அவருக்கு மூச்சு வாங்கியது. வசனத்தைக் கையால் மறைத்துப் படத்தை மட்டும் காட்டியிருக்கிறார். கணவர் சும்மா பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அப்புறம் தன் இடது கையால் டீச்சரின் கையைப் பிடித்து நகர்த்திவிட்டு, அதற்குப் பிறகு சிரித்திருக்கிறார்.

"கையை எடுத்துவிட்டார்மா," என்றார் டீச்சர். "என் கையை எடுத்துவிட்டுட்டுப் படிச்சார்."

5

இப்போது கோடு சாரிடம் சொல்லியாக வேண்டும்.

இந்தக் கதையின் முதல் பிரதியில் இந்த இடத்தில் அவரைக் கோபக்காரராக எழுதினேன். மேஜையைத் தட்டினார், அசல்களை என் கையிலிருந்து பிடுங்கினார், 'என் வாழ்நாள் உழைப்பு' என்று வசனம் பேசினார். படிக்க விறுவிறுப்பாக இருந்தது. ஆனால் அந்த மனிதர் அப்படிப்பட்டவர் அல்ல.

உண்மையில் நடந்தது இன்னும் சங்கடமானது. அச்சான தன் புத்தகத்தை அவர் திறந்தே பார்த்ததில்லை. அச்சில் பார்த்தால் தன் கோடுகள் எல்லாம் தடித்துத் தெரிகின்றன என்பார். ஆகவே ஒன்பது மாதமாக எல்லோரும் 'அந்த பஸ் ஜோக்' என்று சொன்னபோதெல்லாம், தன்னுடைய பஸ் ஜோக்கைத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தார். இரண்டு கூட்டங்களில் அதைப் பற்றிப் பேசவும் செய்திருக்கிறார்.

நான் சொல்லி முடித்ததும் புத்தகத்தை வாங்கி அறுபத்து நான்கைப் பார்த்தார். அறுபத்தைந்தைப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார்.

"இது நல்லாருக்கு," என்றார். கொஞ்சம் பொறுத்து, "என்னோடதைவிட நல்லாருக்கு," என்றார்.

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. தன்னுடைய ஜோக்கை இதுவரை ஒருவர்கூடப் பார்க்கவில்லை அல்லவா என்று மட்டும் கேட்டார். யாரும் பார்க்கவில்லை என்றேன். முப்பது வருடமாக வரைகிற மனிதருக்கு அதைக் கேட்க எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு எழுத வரவில்லை. (மூன்று உவமைகள் எழுதி மூன்றையும் அடித்துவிட்டேன்.)

டீச்சர் வீட்டுக் கதையைச் சொன்னபோதுதான் அவர் முகம் மாறியது. அந்த வீட்டில் இருப்பவர் யார், என்ன வேலை பார்த்தவர் என்று விசாரித்தார். லிஃப்ட் மெக்கானிக் என்றேன். டீச்சர் தொலைபேசியில் சொன்னது இது: யாராவது லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டால், கதவைத் திறக்கும்வரை இவர் வெளியே நின்று இடுக்கு வழியாக ஜோக் சொல்லிக்கொண்டே இருப்பாராம். உள்ளே இருப்பவர்கள் பயப்படாமல் இருக்க வேண்டுமே. வீட்டுக்கு வந்து அதே ஜோக்கை டீச்சரிடம் சொன்னால், "சரி, அப்புறம்?" என்று கேட்பாராம் டீச்சர். முப்பத்தொரு வருடம்.

கோடு சார் அசல் படங்களில் பன்னிரண்டைப் பொறுக்கி எடுத்தார். வசனங்களைத் தனித்தனிச் சீட்டுகளில் பெரிய எழுத்தில் எழுதச் சொன்னார். "வாங்க, போய்ப் பார்ப்போம்," என்றார்.

6

மகளைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அவளைத்தான் நான் அதிகமாகச் சந்தேகப்பட்டேன். நான் எழுதிய முதல் இரண்டு பிரதிகளில் அவள் வில்லி. அப்பாவை மூட்டை கட்டித் தன் ஊருக்குத் தூக்கிப்போக வந்தவள், அம்மாவின் பேச்சைக் கேட்காதவள். கதைக்கு அது வசதி. ஆனால் நாங்கள் அங்கே போன சனிக்கிழமை காலையில் கதவைத் திறந்தபோது அவள் கையில் சோப்பு நுரை இருந்தது. அப்பாவுக்குச் சவரம் செய்துகொண்டிருந்தாள். வாராவாரம் ஆறு மணி நேரம் பேருந்தில் வந்து இதைச் செய்கிறாள். அம்மாவுக்கு முழங்கால் வலி. வீடு மூன்றாவது மாடி. இவளுக்கு அலுவலகத்தில் இனிமேல் எடுக்க விடுப்பு கிடையாது. கீழ்த்தளத்தில் இருக்கும் தன் வீட்டுக்கு இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போய்விடலாம் என்று சொல்வதில் ஒரு தவறும் இல்லை. கூடத்தில் இரண்டு அட்டைப் பெட்டிகள் திறந்திருந்தன. பாத்திரங்களைச் செய்தித்தாளில் சுற்றி அடுக்கத் தொடங்கியிருந்தாள்.

அவர் ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வலப்பக்கம் தலையணை முட்டுக் கொடுத்திருந்தது. வலது கை மடியில் கிடந்தது. சவரம் பாதியில் நின்றதால் ஒரு கன்னம் மட்டும் பளபளப்பாக இருந்தது. எங்களைப் பார்த்துத் தலையசைத்தார்.

மகள் எங்களிடம் மரியாதையாகத்தான் பேசினாள். அம்மா ஆசைப்படுவது தனக்குப் புரிகிறது. ஆனால் பொய் நம்பிக்கை வேண்டாம் என்றாள். அவருக்குக் கேட்கும் என்பதை அந்த அறையில் யாரும் நினைத்ததாகத் தெரியவில்லை. நானும் நினைக்கவில்லை.

கோடு சார் சிறிய மேஜையை நாற்காலிக்கு முன்னால் இழுத்துப் போட்டார். பேருந்துப் படத்தை வைத்தார். அதன் கீழே தன்னுடைய சொந்த வசனத்தை வைத்தார்: 'உள்ள நிறைய இடம் இருக்கு, தள்ளிப் போங்க.' மனிதர் அதைத்தான் முதலில் வைப்பார் என்று எனக்குத் தெரியும்.

லிஃப்ட்காரர் பார்த்தார். உதடு லேசாக விரிந்தது. மரியாதைக்குச் சிரிக்கிற சிரிப்பு. பிறகு இடது கை விரலால் அந்தச் சீட்டை மேஜை ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, மற்ற சீட்டுகள் மேல் விரலை மெல்ல ஓட்டி, ஒன்றை இழுத்து வந்து படத்துக்குக் கீழே வைத்தார். 'வலிச்சா கையத் தூக்குங்க.' அந்தப் பழைய வண்டிச் சிரிப்பு இருமிவிட்டுக் கிளம்பியது.

"பார்த்தியா?" என்றார் டீச்சர்.

"அம்மா, அந்தப் படத்தை அஞ்சு மாசமா பார்த்திட்டிருக்கார். பழக்கத்துல எடுத்திருக்கலாம்."

மகள் சொன்னது நியாயம்தான். நானாக இருந்தாலும் அதையே சொல்லியிருப்பேன். இதற்குமேல் அவர்கள் இரண்டு பேரும் நாற்காலியின் இரண்டு பக்கமும் நின்றுகொண்டு பேசத் தொடங்கினார்கள். படுக்கை எந்த அறையில் போடுவது, அவருக்குப் புது இடம் ஒத்துக்கொள்ளுமா, இரண்டு வாரத்தில் பழகிவிடும், இல்லை பழகாது, இங்கே இருந்து மட்டும் என்ன ஆகப்போகிறது. குரல் உயரவில்லை. இரண்டு பேருமே களைத்திருந்தார்கள்.

கோடு சார் இதற்குள் பையிலிருந்து ஒரு வெள்ளைத்தாளை எடுத்து வரைந்துகொண்டிருந்தார். ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. நாற்காலியில் ஒருவர், ஒரு கன்னம் மட்டும் சவரம் செய்தவர். இரண்டு பக்கமும் இரண்டு பெண்கள், கை நீட்டிப் பேசுகிறார்கள். தரையில் அட்டைப் பெட்டிகள். யாரும் இதற்கு முன் பார்த்திராத படம். அதை மேஜையில் வைத்தார். சுற்றிலும் பன்னிரண்டு சீட்டுகளையும் பரப்பினார். பேச்சு நின்றது.

லிஃப்ட்காரர் படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு சீட்டுகளை ஒவ்வொன்றாகப் படித்தார். விரல் ஒவ்வொரு வார்த்தைக்குக் கீழும் நின்று நின்று போனது. ஒரு சீட்டில் நடுவில் தொலைந்து மறுபடி முதலிலிருந்து வந்தார். டீச்சர் உதவ முன்னால் வந்தார். "விடுங்கம்மா, அவரே பார்க்கட்டும்," என்றார் கோடு சார்.

ஒன்பதாவது சீட்டையோ பத்தாவது சீட்டையோ எடுத்தார். அது முடிதிருத்தும் கடைப் படத்துக்கான வசனம். அங்கே, கண்ணாடிக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருக்கும் ஆள் கேட்பது. அதைக் கொண்டுவந்து தன் படத்துக்குக் கீழே வைத்து, நேராக இருக்கிறதா என்று பார்த்துச் சரிசெய்தார்.

'என் தலைக்கு மேல என்ன நடக்குதுன்னு எனக்கும் கொஞ்சம் காட்டுங்க.'

அவர் சிரிக்கவில்லை. மகளை நிமிர்ந்து பார்த்தார்.

(இதை நான் கற்பனையில் எழுதியிருந்தால், ரொம்பக் கச்சிதமாக இருக்கிறது என்று நானே அடித்திருப்பேன். அந்தச் சீட்டு அங்கே இருந்தது, அவர் எடுத்தார். பன்னிரண்டைப் பொறுக்கும்போது கோடு சார் ஏதாவது யோசித்து வைத்தாரா என்று பிறகு கேட்டேன். பஸ் படமும் பல் டாக்டரும் போக மிச்சத்தில் கைக்கு வந்ததை எடுத்ததாகச் சொன்னார்.)

மகள் அந்தச் சீட்டைப் படித்தாள். பிறகு நாற்காலிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள். இப்போது அவள் முகம் அவர் முகத்துக்குக் கீழே இருந்தது.

"அப்பா," என்றாள். "எங்க வீட்டுக்கு வரீங்களா? உங்களைத்தான் கேக்கறேன்."

ஐந்து மாதத்தில் அவரிடம் யாரும் கேட்ட முதல் கேள்வி அதுதான் என்று டீச்சர் பிறகு சொன்னார். அவர் சவரம் ஆகாத கன்னத்தை இடது கையால் தொட்டுக் காட்டினார். மகள் எழுந்து போய்ச் சோப்புக் கிண்ணத்தை எடுத்து வந்தாள். அழுதுகொண்டே சவரம் செய்தால் வெட்டிவிடும் என்பதால் அழுது முடித்துவிட்டுச் செய்தாள்.

7

அற்புதம் எதுவும் நடக்கவில்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். பேச்சுப் பயிற்சி தருகிற பெண்ணிடம் டீச்சர் சீட்டுகளையும் படங்களையும் கொண்டுபோனார். அவர் துள்ளிக் குதிக்கவில்லை. இரண்டு நாள் உட்காரவைத்துப் பார்த்தார். பன்னிரண்டில் எட்டு லிஃப்ட்காரர் சரியாகப் பொருத்தினாராம். சின்ன வாக்கியம் பிடிபடுகிறது, நீளமானது நழுவிவிடுகிறது, களைப்பான நாளில் சின்னதும் நழுவுகிறது. முதல் மாதத்துப் பரிசோதனை அப்போதைக்குச் சரிதான், இப்போது நிலைமை மாறியிருக்கிறது என்று புதிதாக எழுதிக் கொடுத்தார். நிறுத்துவதாக இருந்த பயிற்சி தொடர்கிறது. அந்த முதல் பரிசோதனையில் ஆப்பிள் படத்தையும் 'ஆப்பிள்' என்ற வார்த்தையையும் காட்டினார்களாம். "அதுல என்ன சுவாரசியம்னு இவரே விட்டிருப்பார்," என்பது டீச்சரின் கட்சி.

இரண்டாம் பதிப்பும் வந்துவிட்டது. பதிப்பாளர், தப்பையே வைத்துக்கொள்ளலாம் என்றார். கோடு சார் ஒப்புக்கொள்ளவில்லை. தன் ஜோக்கையும் ஒரு தடவை மனிதர்கள் பார்க்கட்டும் என்றார். ஆகவே அந்த இரண்டு படங்களும் இரண்டு விதமாகவும் அச்சாகியிருக்கின்றன. இதுவரை அவருடைய மூலத்தைப் பாராட்டி நான்கு அட்டைகள் வந்திருக்கின்றன. நான்கையும் அவரிடம் கொடுத்துவிட்டேன்.

இந்தக் கதைக்கு முடிவு தேடி நான் எழுதிப் பார்த்தவை:

ஒரு முடிவில் அவருக்குப் பேச்சு வருகிறது. முதல் வார்த்தை 'டீச்சர்'. (அழுகை வரவழைக்கும். வரவழைத்த பிறகு வெட்கமாக இருக்கும்.)

இன்னொன்றில், முப்பத்தொரு வருடத்துக்குப் பிறகு டீச்சர் வாய்விட்டுச் சிரிக்கிறார். (அவரிடமே கேட்டேன். "எனக்கு இப்பவும் அந்த ஜோக் புரியலம்மா. சிரிச்சேன்னு எழுதிடாதீங்க," என்றார்.)

மூன்றாவதில் லிஃப்ட்காரர் தானே வசனம் எழுதத் தொடங்கி... இது வேண்டாம். அந்த வாக்கியம் எங்கே போகும் என்று உங்களுக்கே தெரியும்.

8

நேற்றுச் சாயங்காலம் டீச்சர் அழைத்தார். மகள் பெட்டிகளைப் பிரிக்கவும் இல்லை, கட்டவும் இல்லை. அலுவலகத்தில் எப்படியோ கெஞ்சி ஒரு வாரம் வாங்கி வந்திருக்கிறாள். ஒரு தாளில் பெரிதாக எழுதி அப்பா முன்னால் வைத்திருக்கிறாள்: 'எங்க வீட்டுக்கு வரீங்களா?' கீழே இரண்டு சீட்டு. ஒன்றில் 'வரேன்', ஒன்றில் 'வரலை'.

இரண்டையும் அவர் தள்ளிவிட்டார். பேனா வேண்டும் என்று கை காட்டினார். பயிற்சியில் இடது கையால் எழுத்து பழகச் சொல்லியிருக்கிறார்கள். இதுவரை கோடும் வட்டமும்தான் போட்டிருக்கிறார். கேள்விக்குக் கீழேயே எழுதத் தொடங்கினார். இருபது நிமிடம். இரண்டு எழுத்து. பேனாவை வைத்துவிட்டு டீ டம்ளரைக் காட்டினார். குடித்துவிட்டுத் தூங்கிப்போனார்.

டீச்சர் அதைப் படம் எடுத்து எனக்கு அனுப்பினார். நீங்கள் எழுத்து திருத்துகிறவராயிற்றே, இது என்னவென்று சொல்லுங்கள் என்றார்.

முதல் எழுத்து 'வ'. ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது, ஆனால் 'வ'தான். இரண்டாவது 'ர'. அதிலும் சந்தேகமில்லை.

வர.

வரலைதான், அடுத்தது 'ல' என்கிறார் டீச்சர். வரேன் என்று எழுதுவதாக இருந்தால் 'ர'வுக்கு முன்னால் கொம்பு போட்டிருக்க மாட்டாரா என்று கேட்கிறார். மகள் ஒப்புக்கொள்ளவில்லை. இப்போதுதான் எழுதப் பழகுகிறவர்கள் எழுத்தை முதலில் போட்டுவிட்டுக் கொம்பை அப்புறம்தான் சேர்ப்பார்கள் என்கிறாள். அதற்காகத்தான் இடம் விட்டிருக்கிறாராம். நான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். 'வ'வுக்கும் 'ர'வுக்கும் நடுவில் இடைவெளி இருப்பது உண்மை. ஒரு கொம்பு தாராளமாக நுழையும். இடது கை இழுத்த இழுப்பில் தானாக விழுந்த இடைவெளியாகவும் இருக்கலாம். இருபது வருடம் பிழை பார்த்தவள் சொல்கிறேன், இதற்குமேல் சொல்ல முடியவில்லை.

நீங்கள் வேண்டுமானால் கொம்பு போட்டுப் படித்துக்கொள்ளுங்கள், போடாமலும் படிக்கலாம். உங்கள் கருத்தை எழுதினால் என் மேஜைக்குத்தான் வரும். நான் அந்தத் தாளைத் தொடப்போவதில்லை. அதை எழுதுகிறவர் இன்னும் எழுதி முடிக்கவில்லை.

இன்று காலை அவர் எழுந்ததும் முதலில் அந்தத் தாளைத்தான் தேடினாராம். மகள் அதை எடுத்து அவர் முன்னால் வைத்து, காற்றில் நகராதபடி ஓரத்தில் டீ டம்ளரை வைத்து, பேனாவின் மூடியைத் திறந்து இடது கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்துவிட்டு, அம்மாவையும் கூட்டிக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாளாம்.